ஓதினீங்களா, படிச்சீங்களா? குர்ஆன் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பாய், 'நேற்று குர்ஆன் படித்தேன்' என்றேன். ஆபீஸ் நண்பர் 'ஓதினீங்களா, படிச்சீங்களா?' என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: எங்க வீட்டுக் காதுக்கு வேறு வேறு. அரபியில் வாய்விட்டுச் சொன்னால் ஓதுவது, தமிழ் தர்ஜமாவை, அதாவது மொழிபெயர்ப்பைப் பார்த்தால் படிப்பது. குர்ஆன் என்ற பெயருக்கே ஓதப்படுவது என்றுதான் பொருள் சொல்வார்கள், இறைவனிடமிருந்து நபியவர்களுக்கு முதலில் இறங்கியதாகச் சொல்லப்படும் வசனமும் (96ஆம் அத்தியாயம்) 'இக்ரஃ', அதாவது 'ஓதுவீராக' என்றே தொடங்குகிறது. சுமார் 23 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நபித் தோழர்கள் நெஞ்சில் மனனமாகவும் தோல், எலும்பு என்று கிடைத்ததில் எழுத்தாகவும் இருந்து, நபியவர்கள் மறைந்த பிறகு முதல் கலீஃபா (தலைவர்) அபூபக்கர் காலத்தில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டது, அப்புறம் மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலத்தில் பிரதியெடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். தேவாரம் பாடுகிறவரை ஓதுவார் என்கிறோமே, நம்ம மொழிக்கு இது புதுசில்லை.

கேள்வி: அப்போ அலமாரியில் துணி சுற்றி வைத்திருப்பது?

பதில்: அது முஸ்ஹஃப். ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய பிரதிக்கு அந்தப் பெயர். பேச்சில் அதையும் குர்ஆன் என்றே சொல்லிவிடுகிறோம், தப்பில்லை.

கேள்வி: அண்ணே, என் மகனின் மலாய்த் தோழன் 'ஆயத்' என்றால் வாக்கியம் என்கிறான், சரியா?

பதில்: மலாய்ப் பாடத்தில் அவன் சொல்வது சரி. அரபியில் ஆயத் என்பதற்கு அடையாளம், சான்று என்று பொருள், குர்ஆனில் வசனத்துக்கு அந்தப் பெயர். மொத்தம் 6,666 என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், எண்ணிப் பார்த்தால் அது வராது. இங்கே கையில் இருக்கும் பிரதிகளில் பெரும்பாலும் 6,236. எங்கே வசனத்தை முடிப்பது என்பதில் பழைய எண்ணிக்கை முறைகள் வேறுபடும், வாசகம் அதேதான்.

கேள்வி: சூரா, ஜுஸ்உ?

பதில்: சூரா அத்தியாயம், 114. ஜுஸ்உ 30, ஒரு மாதத்தில் ஓதி முடிக்க வசதியாகப் போட்ட பங்கு, அதனால் ஒரே சூரா இரண்டு மூன்று ஜுஸ்உவில் நீளும். 286 வசனமுள்ள அல்பகரா அப்படித்தான்.

கேள்வி: 'திருமறை' என்று எழுதலாமா? இந்து சமயச் சொல் மாதிரி இருக்கே.

பதில்: தாராளமா எழுதுங்க. மறை பழைய தமிழ்ச் சொல், தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாகப் புழங்குவது. எனக்கு உறுத்துவது 'குரான்' என்ற எழுத்துத்தான், நடுவில் குரல் வெட்டி நிற்கிற இடம் காணாமல் போகிறது. 'குர்ஆன்' என்றே எழுதுங்க.

கேள்வி: தமிழில் கேட்க எங்கே போகலாம்?

பதில்: சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், 1826இல் தொடங்கியது. ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) உரை தமிழில். கொஞ்சம் முன்னாடியே போனால்தான் உள்ளே இடம்.