கேள்வி நேரம்: பூட்டில்லாத கதவு

கேள்வி: லூயி புனுவெலின் ‘தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்’ படத்தில், பணக்கார விருந்தாளிகள் ஓர் அறையைவிட்டு வெளியேற முடியாமல் கிடக்கிறார்கள். கதவோ திறந்திருக்கிறது. காரணம் சொல்லவே இல்லையே? அவர்கள் வீட்டுக்குள் நுழையும் காட்சியும் இரண்டு தடவை வருகிறது. எடிட்டிங் பிழையா?

பதில்: பிழையில்லை. 1962இல் வந்த அந்தப் படத்தின் பிரதியைப் பார்த்த ஒளிப்பதிவாளர் ஃபிகரோவாவும் இதையே கேட்டதாகப் புனுவெல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இரண்டையும் படமாக்கியவரே அவர்தான்! வீட்டுக்காரரும் ஒரே வாழ்த்தை இருமுறை சொல்கிறார். இரண்டாம் முறை யாரும் காதில் வாங்குவதில்லை. இவர்கள் சடங்கில் வாழ்கிறவர்கள் என்பது அங்கேயே பதிந்துவிடுகிறது.

காரணம் சொல்லியிருந்தால் படம் செத்திருக்கும். பூட்டைக் காட்டினால் நாம் சாவியைத் தேடுவோம்; பூட்டில்லாததால் மனிதர்களைப் பார்க்கிறோம். வேலைக்காரர்கள் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்கள், தலைமைப் பணியாளர் ஒருவரைத் தவிர. சிக்குவது உட்கார்ந்து சாப்பிட வந்தவர்கள். சுவரை உடைத்துக் குழாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள், மரச்சாமானை எரித்து ஆட்டை வாட்டித் தின்கிறார்கள். உடைந்த விதி ஒன்றே ஒன்று: வாசலைத் தாண்ட முடியாது. பசி, தாகம், நாற்றமெல்லாம் நம் உலகத்துடையவை. புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். காட்சிக்கொரு விநோதம் சேர்ப்பார்கள். எதுவும் நடக்கலாம் என்றான பிறகு பயமும் போய்விடும், சிரிப்பும் போய்விடும்.

கேள்வி: எங்கள் குறும்படத்தில், வேலைபோனவர் முதலாளியின் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறார். குளோசப்பில் எடுத்தோம். அவல நகைச்சுவை வரவில்லை, அழுகைதான் வருகிறது.

பதில்: ராய் ஆண்டர்சனின் ‘சாங்ஸ் ஃப்ரம் தி செகண்ட் ஃப்ளோர்’ (2000) படத்தில் ஏறக்குறைய இதே காட்சி உண்டு. முதலாளி நடக்க, காலைக் கட்டிக்கொண்டவர் நடைவழியில் இழுபட்டுப் போகிறார். இருபுறமும் கதவுகளைச் சற்றே திறந்து சக ஊழியர்கள் பார்க்கிறார்கள். ஒருவரும் வெளியே வருவதில்லை. விமர்சனம் அந்தக் கதவிடுக்குகளில் இருக்கிறது. குளோசப் அதை வெட்டி எறிந்துவிடும்.

ஸ்டாண்டில் அசையாத கேமரா, வெட்டில்லாத ஒரே ஷாட். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்), ஃபோகஸ் 2.4 மீட்டரில் வைத்தால் சுமார் 1.2 மீட்டரிலிருந்து கடைசிவரை தெளிவாக விழும். எஃப் 2.8இல் எடுத்துக்கொண்டிருந்தால் இதற்கு எட்டு மடங்கு வெளிச்சம் தேவை. இல்லையேல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, ஏற்ற வேண்டும், படம் புள்ளிபுள்ளியாகும். பின்னால் நிற்பவர்களை அதிர்ச்சி காட்டச் சொல்லாதீர்கள். கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து, சும்மா பார்க்கச் சொல்லுங்கள். முதலாளி ஃபிரேமைவிட்டுப் போனதும் ‘கட்’ சொல்லிவிடவும் வேண்டாம்; கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்வரை கேமரா ஓடட்டும்.