விமானம் கட்டப் பழக 4,000 டாலருக்குக் கருவிகள்: கடனில் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 37. டாலஸ் அருகே மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எச்-1பி விசா, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். மனைவி வேலைக்குப் போகவில்லை, மகள் பள்ளியில் படிக்கிறாள். மாதச் செலவு 5,500 டாலர் போக 600 டாலர் மிஞ்சும். சேமிப்பில் 28,000 டாலர் உள்ளது. அலுமினியத் தகட்டில் ஒரு சின்ன விமானத்தைச் சொந்தமாகக் கட்டவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆர்வி-9ஏவா, ஜெனித் சிஎச் 750ஆ என்று முடிவாகவில்லை. முதலில் கருவிகளை வாங்கிப் பழகலாம் என்று பார்த்தால் முழுத் தொகுப்பு 4,000 டாலர் ஆகிறது. 12 மாத வட்டியில்லாக் கடன் அட்டையில் வாங்கலாமா?

பதில்: கடனில் வேண்டாம், முழுத் தொகுப்பாகவும் வேண்டாம். ஆனால் இந்த மாதமே தொடங்கலாம்.

முதலில் அந்த அட்டையின் விதிகளைப் படித்துப் பாருங்கள். சில அட்டைகளில் வட்டி உண்மையிலேயே கிடையாது. கடைகள் தரும் பல அட்டைகளில் வட்டியைத் தள்ளிவைக்கிறார்கள், அவ்வளவுதான். 12 மாதத்துக்குள் கடைசி டாலர் வரை கட்டாவிட்டால், வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டு மொத்த வட்டியும் வந்து சேரும். வட்டி 27 சதவீதம், நீங்கள் மாதம் 300 டாலர் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருட முடிவில் பாக்கி 400 டாலர்தான். அதற்காக உங்கள் தலையில் விழும் வட்டி 600 டாலருக்கு மேல்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் விசா. வேலை போனால் அடுத்த வேலை தேட எச்-1பிக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு ஆறு மாதச் செலவாவது, அதாவது 33,000 டாலர், கையில் இருக்கவேண்டும். 5,000 குறைகிறது. மிஞ்சும் 600ல் 400ஐ அதற்கு ஒதுக்கினால் ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். மீதி 200ஐ விமானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,400 டாலர். பழகுவதற்கு இது தாராளம்.

முழுத் தொகுப்பு ஏன் வேண்டாம் என்கிறேன்? எந்த விமானம் என்று தெரியாமல் கருவி வாங்க முடியாது. ஆர்வி-9ஏயில் தகடுகளை இணைப்பது பெரும்பாலும் திட ரிவெட் என்ற கெட்டி ஆணி. ஒரு பக்கம் ரிவெட் கன்னால் தட்டும்போது மறுபக்கம் பக்கிங் பார் என்ற எஃகுக் கட்டியை அழுத்திப் பிடிக்கவேண்டும். வெளித் தகட்டில் ரிவெட்டின் தலை மட்டமாக உட்கார, ஒவ்வொரு துளையையும் டிம்பிள் டையால் குழித்தாகவேண்டும். ஜெனித்தில் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து இழுத்து இறுக்கும் ரிவெட்தான். அதற்கு இழுக்கும் கருவி ஒன்று போதும். நாளை நீங்கள் ஜெனித்தைத் தேர்ந்தெடுத்தால் கன், பார், டை எல்லாம் சும்மா கிடக்கும்.

அதனால் முதல் செலவு பயிற்சிக்குப் போகட்டும். மிசௌரி மாநிலத்தில் மெக்சிகோ என்ற ஊரில் இருக்கும் ஜெனித் தொழிற்சாலையில் இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறார்கள். உங்கள் கையாலேயே ஒரு ரடர், அதாவது வாலில் இருக்கும் சுக்கான், செய்து வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆர்வி விமானங்களைத் தரும் ஒரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனம் சின்னச் சின்னப் பயிற்சிப் பெட்டிகள் விற்கிறது. வீட்டில் விமானம் கட்டுவோரின் சங்கமான ஈஏஏயின் உள்ளூர்க் கிளையிலும் சேருங்கள். கருவியை இரவல் தரும் ஆட்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

அப்புறம் கருவிகள். எந்த விமானமானாலும் வேண்டியவற்றை முதலில் வாங்குங்கள். துளையின் பிசிறு எடுக்கும் டீபரிங் கருவி, 30ஆம் 40ஆம் எண் டிரில் பிட்டுகள், தகடு வெட்டும் கத்திரி, அரம், தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கிளெக்கோ, அதைப் போட்டு எடுக்கும் இடுக்கி. கிளெக்கோ நூற்றுக்கணக்கில் தேவைப்படும். கட்டி முடித்தவர்கள் மொத்தமாக விற்பார்கள், பழையதே போதும். வெள்ளி நிறம் 3/32 அங்குலத் துளைக்கு, செம்பு நிறம் 1/8 அங்குலத்துக்கு. கம்ப்ரஸரும் கிரைண்டரும்கூட இரண்டாம் கையில் வாங்கலாம்.

ஆர்வி என்று முடிவானால் மூன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: டிம்பிள் டை, ரிவெட்டை அழுத்தி நசுக்கும் கை ஸ்க்வீசர், ரிவெட் கன். மட்டமான டை ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தன் தழும்பை விட்டுவிடும். ரிவெட் கன்னுக்குப் பதிலாகச் சாதாரணக் கடையில் கிடைக்கும் மலிவான ஏர் ஹாமரை வாங்கினால், அதன் விசையை மெல்ல அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. ஒரு நொடி தவறினால் தகடு நசுங்கிவிடும், அந்தத் தகட்டின் விலை கன்னில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். டங்ஸ்டன் பக்கிங் பார் விலை அதிகம்தான். ஆனால் அதே அளவு எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை என்பதால் சிறு கட்டியே அடியை நன்றாகத் தாங்கும், இடுக்கில் கை நுழையும். வால் பகுதி தொடங்கும்போது ஒன்று வாங்குங்கள். காற்றில் இயங்கும் ஸ்க்வீசரை இரவலில் ஓட்டலாம்.

நல்ல கருவியை எப்போது வேண்டுமானாலும் விற்றுக் காசாக்கலாம். பாதி கட்டிய இறக்கையை அப்படி விற்க முடியாது, 60 நாளில் ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. இன்னொன்று: அமெரிக்காவில் ஒரு விமானத்தைத் தனிநபர் பெயரில் பதிவு செய்ய அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கவேண்டும். டிரஸ்ட் வழியாகப் பதியலாம், ஆனால் அதற்கு வருடாவருடம் கட்டணம். கட்டியவருக்கு எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் பழுதுபார்ப்புச் சான்றிதழுக்கும் இதே நிபந்தனை. அது இல்லையென்றால் ஆண்டுச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் உரிமம் பெற்ற மெக்கானிக்குக்குப் பணம் கொடுக்கவேண்டும்.

எனவே கிரீன் கார்டு வரும்வரை பயிற்சியும் கருவியும் போதும். வந்தபின், வாலைக் கட்டத் தேவையான பாகங்கள் அடங்கிய வால் பகுதிப் பெட்டியை மட்டும் ரொக்கத்தில் வாங்குங்கள். இறக்கைக்கும் உடலுக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். 2023 டிசம்பரில் வேன்ஸ் திவால் பாதுகாப்புக்குப் போனது. அடுத்த ஆண்டு மீண்டுவிட்டது, ஆனால் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் பெட்டி கிடைக்கக் கூடுதல் விலைக்குச் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒரு பெட்டியின் வேலை முடியும் தறுவாயில் அடுத்ததற்குப் பணம் கட்டினால் போதும்.