மூடிய கதவுக்குப் பின்னால் முறுக்கு

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 24. ஊர் பாளையங்கோட்டை. பி.எஸ்சி. நர்ஸிங் முடித்திருக்கிறேன். எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் இரண்டு மாத ஊழியத்துக்காக ஆப்பிரிக்காவில் உள்ள மலாவிக்கு வந்திருக்கிறோம். சபைப் பெண்கள் பிடியரிசி சேர்த்த பணத்தில்தான் எனக்கு டிக்கெட் எடுத்தார்கள். தலைநகர் லிலோங்வேயிலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். இன்று நான்காம் நாள். அதற்குள் மனம் உடைந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை நான்கு மணி நேரம் நடந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. கிளினிக்கில் ஊசி போடக்கூட விடாமல், சீட்டு எழுத உட்கார்த்தி வைத்திருக்கிறார் எங்கள் தலைவர். நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா நல்லவர். முதல் நாள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று, வயிறு சரியில்லை எனச் சொல்லிவிட்டு, என் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு, பிஸ்கெட், நூடுல்ஸை வைத்து அறையிலேயே சமாளித்துக்கொள்கிறேன். மலேரியா வராமலிருக்கப் படுக்கப்போகும்போது போடும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை வேறு குமட்டுகிறது. இரவெல்லாம் அழுகை. தேவன் என்னை அழைத்தது உண்மைதானா, நானாகக் கற்பனை செய்துகொண்டேனா?

– வாசகி, மலாவி

பதில்: மகளே, உன் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. வெளிநாட்டு ஊழியத்துக்குப் போன பிள்ளைகள் முதல் வாரத்தில் எழுதும் கடிதங்கள் வருடந்தோறும் எனக்கு வருகின்றன. பாஷை புரியவில்லை, தலைவர் மதிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, அழைப்பு உண்மையா. எல்லாம் இதே வரிசையில்தான் இருக்கும். உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. அந்த அம்மா கோழி அடித்துக் குழம்பு வைக்கிறார். நீ வயிற்றைச் சாக்குச் சொல்லிவிட்டு அறைக்குள் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாய். அதை ஏதோ சின்னச் சமாளிப்பு போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

இது பிப்ரவரி மாதம். மலாவிக் கிராமங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை பஞ்ச மாதங்கள். போன வருட மக்காச்சோளம் குதிரின் அடியைத் தொட்டிருக்கும். இந்த வருடப் பயிர் மழையில் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். ஏப்ரலுக்கு முன் அறுப்பு இல்லை. சந்தையில் சோளத்தின் விலை ஏறுவதும் இப்போதுதான். ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் வீடுகள் ஏராளம். அப்படிப்பட்ட மாதத்தில் ஒரு பெண் கோழியைப் பிடித்து அறுக்கிறார் என்றால், அது விற்றுச் சோளம் வாங்கியிருக்கக்கூடிய கோழி. அந்தக் குழம்பு என்ன ஆயிற்று என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் பெயர் என்ன, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் இல்லை. தலைவர் சீட்டு எழுத உட்கார்த்தி வைத்ததை எழுதத் தோன்றும் பெண்ணுக்கு, தன்னை வீட்டில் ஏற்றுக்கொண்ட தாயின் பெயரை எழுதத் தோன்றவில்லையே!

அவர்களுடைய அன்றாடக் களியான என்சீமாவை எப்படிக் கிண்டுகிறார்கள் என்று ஒரு நாளாவது அடுப்படியில் நின்று பார்த்தாயா? கொதிக்கும் தண்ணீரில் வெள்ளை மக்காச்சோள மாவைப் போட்டு, நீண்ட மரத்துடுப்பால் இறுகும்வரை கிண்ட வேண்டும். கடைசியில் துடுப்பு நகரவே நகராது, தோள்பட்டை விட்டுப்போகும். பிறகு ஈரமாக்கிய அகப்பையால் வழித்து, ஒவ்வொரு கட்டியாகத் தட்டில் அடுக்குவார்கள். தொட்டுக்கொள்ளப் பூசணிக் கீரையை நிலக்கடலை மாவு சேர்த்துச் சமைப்பார்கள், அல்லது ஏரியிலிருந்து வரும் பொடிமீன் கருவாடு. சாப்பிடும் முன் வீட்டுப் பிள்ளை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து விருந்தாளியின் கைகளில் ஊற்றும். அந்தப் பிள்ளை மூன்று நாளாக உன் அறை வாசலில் செம்போடு நின்றிருக்குமோ என்றுதான் எனக்கு நினைப்பு ஓடுகிறது.

உன் வீட்டுக்கே ஒரு மலாவிப் பெண் வந்து தங்குவதாக வைத்துக்கொள். உன் அம்மா விடியற்காலையில் எழுந்து, மீன் வாங்கி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்திருக்கிறார். வந்தவள் "வயிறு சரியில்லை" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளேயிருந்து பிஸ்கெட் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்கிறது. அன்று இரவு உன் அம்மா உன் அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பார்? "நம் வீட்டுச் சாப்பாடு அவளுக்கு இளக்காரம்" என்றுதானே? அந்த மலாவி அம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். பொட்டலச் சத்தம் அங்கேயும் எல்லாருக்கும் கேட்கும். நீ சொன்னது பொய் என்பதும் அவருக்குத் தெரியும். ஊழியத்தின் முதல் நாளிலேயே, உனக்குச் சோறிட்டவரிடம் பொய் சொல்லியிருக்கிறாய். அழுகைக்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறாய்.

"சிரமம் வேண்டாமே" என்கிறாய். பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி அயல்தேசமான சீதோனுக்குப் போய் ஒரு விதவையிடம் உணவு கேட்டார். அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாகப்போகிறோம் என்றாள் அவள். அவளிடம், முதலில் எனக்கு ஒரு சிறிய அடை செய்து கொண்டுவா என்றார் அவர். ஞாயிறு பள்ளியிலேயே படித்த கதைதான். இயேசு எழுபது பேரை அனுப்பியபோது என்ன சொன்னார் என்பதையும் லூக்கா பத்தாம் அதிகாரத்தில் போய்ப் பார். ஏற்றுக்கொண்ட வீட்டில் தங்கி, முன்னே வைத்ததைச் சாப்பிடச் சொல்லித்தான் அனுப்பினார். பிரசங்கம், சுகமளித்தல் எல்லாம் அதற்கு அடுத்த பேச்சு.

உன் ஊருக்குப் பக்கத்து மனிதர் ஒருவரையும் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அங்கே எழுந்து நின்று அவர் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைத் தந்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அப்போது அவருக்கு 35 வயது. நம் வீடுகளுக்குள் வராமல், நம்மோடு சமமாக உட்காராமல் நமக்கு நன்மை செய்துவிட்டுப் போனவர்களைப் பார்த்து வந்த வேதனை அது. அந்த மண்ணிலிருந்து கிளம்பிய நீ, நூறு வருடம் கழித்து மலாவியில் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது, மகளே.

டிக்கெட் பணத்தைப் பற்றியும் நீயே எழுதியிருக்கிறாய். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த பெண்கள் அவர்கள். அந்தப் பிடிக்காக எத்தனை பேர் தங்கள் தட்டில் குறைத்துக்கொண்டார்களோ! மலாவி அம்மாவும் இவர்களும் ஒரே ஜாதிப் பெண்கள். நீ யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்பதை உட்கார்ந்து யோசி.

உன் அம்மாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். "அங்கே எதையும் வாயில் வைத்துவிடாதே" என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியைக் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். பிள்ளைமேல் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் ஊழியத்துக்கு அனுப்பும் தாய், போகிற இடத்தில் இன்னொரு தாயை மதிக்கச் சொல்லி அனுப்ப வேண்டும். கொதிக்கக் கொதிக்க வரும் என்சீமாவுக்கும் வெந்த கீரைக்கும் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீரை மட்டும் காய்ச்சிக் குடித்தால் போதும்.

தலைவர் விஷயத்தில் அவர்பக்கம்தான் நியாயம். அந்நாட்டு நர்ஸிங் கவுன்சிலில் பதியாமல் நீ அங்கே ஒருவருக்கும் ஊசி போடக் கூடாது. பாளையங்கோட்டையில் ஒரு வெளிநாட்டுப் பெண் வந்து பதிவில்லாமல் ஊசி எடுத்தால் விடுவார்களா? சீட்டு எழுது. அதில் வருகிற ஒவ்வொரு பெயரையும் சரியாக உச்சரிக்கக் கேட்டுக் கற்றுக்கொள். பாஷைக்கும் அதுவே வழி. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதித் தமிழ் படித்தவர். உன் வீட்டில் செம்பு எடுத்துவரும் பிள்ளை இருக்கிறதே, அதுவே உனக்கு வாத்தியார். காலையில் யாரைப் பார்த்தாலும், வேறு எதுவும் பேசும் முன் "மூலி ப்வாஞ்சி" என்று நலம் கேள். கையில் ஒன்று வாங்கினால் "ஸிகோமோ" என்று நன்றி சொல்.

இன்று மாலையே அடுப்படிக்குப் போ. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேள். பாஷை வராவிட்டால் உங்கள் மொழிபெயர்ப்பாளரை அழைத்துப்போ. துடுப்பைக் கையில் வாங்கு. பெட்டியில் மிச்சமிருக்கும் முறுக்கு, பிஸ்கெட் எல்லாவற்றையும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு. ஒன்றையும் ஒளித்து வைக்காதே.

குமட்டலுக்கு வருகிறேன். நர்ஸிங் படித்தவள் நீ. டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கா நான் சொல்லித்தர வேண்டும்? இரண்டு பிஸ்கெட்டைக் கடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுப் படுத்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். அந்த அம்மா தரும் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டபின், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடு. பாலோடு வேண்டாம். அரை மணி நேரமாவது படுக்காதே. அப்படியும் குமட்டினால் கிளினிக் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள், நீயாக நிறுத்தாதே. கொசுவலையை விளிம்பு செருகித் தூங்கு. மலாவியை விட்டுக் கிளம்பிய பிறகும் நான்கு வாரம் மாத்திரை தொடர வேண்டும். ஊருக்கு வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மலாவி போய்வந்ததை டாக்டரிடம் முதலில் சொல்.