'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' 60 வருடமாக ஏன் அலுக்கவில்லை?

அதே பெயரில் வந்த கார்ட்டூன் நிகழ்ச்சியின் இசை ஆல்பம் இது; இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால், அதில் இருக்கும் லேசான சோகம்தான் காரணம்.

கார்ட்டூனின் தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் டாக்ஸியில் போகும்போது ரேடியோவில் வின்ஸ் குவரால்டியின் பியானோவைக் கேட்டார். அப்படித்தான் ஒரு ஜாஸ் கலைஞர் குழந்தைகளுக்கான கார்ட்டூனுக்கு இசையமைக்க வந்தார். 1965 டிசம்பரில் அமெரிக்க டிவி சேனலான சிபிஎஸ் அந்தக் கார்ட்டூனை ஒளிபரப்பியது. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஜாஸ் ஒத்துவராது என்று சேனல் அதிகாரிகள் முதலில் முகம் சுளித்தார்கள். மக்களோ கொண்டாடிவிட்டார்கள்.

கார்ட்டூனின் தொடக்கப் பாட்டான 'கிறிஸ்துமஸ் டைம் இஸ் ஹியர்' முதலில் வெறும் மெட்டாகத்தான் இருந்தது. வரிகளை மெண்டல்சனே ஒரு கடித உறையின் பின்பக்கம் கிறுக்கிக் கொடுத்தார். பாடியது சான் ரஃபேல் ஊர் தேவாலயப் பிள்ளைகள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்: சுருதி அங்கங்கே லேசாக விலகும். அதைத் திருத்தாமல் விட்டார்களே, அதுதான் அழகு! கீழே டிரம்ஸில் பிரஷ் உரசும் சத்தம், பியானோ, பேஸ். அவ்வளவுதான். ஆர்ப்பாட்டமான வாத்தியக் கூட்டம் இல்லாததால் பழசாகத் தெரிவதே இல்லை.

குவரால்டி 1976-இல், 47 வயதில் காலமானார். 2012-இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இந்த ஆல்பத்தைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.