வீடியோ ஓடும்போது குழந்தையின் வாய் என்ன செய்கிறது?

கேள்வி: பல்லடம் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் பணியாற்றுகிறேன். இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் சேர்த்து 26 குழந்தைகள் என் பொறுப்பு. பள்ளிக்கு ஸ்மார்ட் டிவி வந்திருக்கிறது. பாட வீடியோ போட்டால் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. விடுமுறை நாட்களில் வாட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்பினால் பாதி வீடுகளில் திறப்பதே இல்லை. எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப் பெயர்களுக்குப் பிறகு வருகிறேன், டீச்சர். "சத்தமில்லாமல் பார்க்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாடம் வாய் வழியாகவும் கை வழியாகவும்தான் ஏறும். நாம் டிவியையும் செல்போனையும் குழந்தைக்குக் காட்டுவதற்கே வைத்திருக்கிறோம். குழந்தை பேசுவதைக் கேட்கவும், அதற்கு எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்கவும் வைத்துப் பாருங்கள். என் இத்தனை வருட அனுபவத்தில் பலன் கொடுத்தது அந்த வழிதான்.

முதலில் டிவி. பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடு வழியாகத் திறக்கும், அரசின் கல்வித் தளமான திக்‌ஷா வீடியோக்களை முந்தின நாள் இரவே டவுன்லோடு செய்துவிடுங்கள். வகுப்பில் நெட் கிடைக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் 26 பேரும் கலைந்துவிடுவார்கள். ஐந்து நிமிட வீடியோவை இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும், கண்ணு?" என்று கேளுங்கள். நாலைந்து பேர் சொன்ன பிறகு ஓடவிடுங்கள். இரண்டாம் முறை போடும்போது ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, குழந்தைகளையே கதை சொல்ல வையுங்கள். அவரவர் வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும், அப்போதே திருத்த வேண்டாம். ஐந்து நிமிட வீடியோவுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு வீடியோ தாராளம்.

கணக்குக்கு நான் பரிந்துரைப்பது பிளிக்கர்ஸ் என்ற வினாடிவினா செயலி. குழந்தைகளிடம் செல்போன் தேவையில்லை, உங்களுடையது ஒன்று போதும். ஆளுக்கொரு அட்டையை அச்சிட்டுக் கொடுக்கிறோம். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தனக்குச் சரியென்று தோன்றும் விடை மேலே வரும்படி குழந்தை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நீங்கள் செல்போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால், யார் எந்த விடை சொன்னார்கள் என்று பெயரோடு வந்துவிடும். ஒவ்வோர் அட்டையிலும் கட்டங்களின் அமைப்பு வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பவும் வழியில்லை.

இதில் உயிர்நாடி நாம் கொடுக்கும் தவறான விடைகள்தான். 43இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். 26, 34, 36, 60 என்று நான்கு விடைகளைக் கொடுங்கள். 34 காட்டும் குழந்தை, மேலே கீழே பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறது: ஏழில் மூன்று போனால் நாலு, நாலில் ஒன்று போனால் மூன்று. 36 காட்டும் குழந்தை பத்தைக் கடன் வாங்கியது. வாங்கிய இடத்தில் குறைக்க மறந்துவிட்டது. 60 காட்டும் குழந்தை குறியையே பார்க்கவில்லை, கூட்டிவிட்டது. மூவருக்கும் "தப்பு" என்று சிவப்பு மை போட்டால் மூவரும் ஒன்றுதான். ஆனால் மூவருக்கும் மருந்து வேறு. முதல் குழந்தையைத் தீக்குச்சிக் கட்டுகளோடு உட்கார வைக்க வேண்டும்: பத்துக் குச்சிக் கட்டு நாலு, உதிரி மூன்று, இதில் ஏழு உதிரியை எடு என்றால் கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். இரண்டாம் குழந்தைக்கு மீதி எத்தனை கட்டு என்று எண்ணச் சொன்னாலே போதும். மூன்றாவது குழந்தைக்குக் கணக்கைச் சத்தமாக வாசிக்கும் பழக்கம் வேண்டும். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சிகளில் குழந்தையின் நிலைக்கேற்ற கற்பித்தல் என்று சொல்கிறோமே, அதை ஒரே ஆசிரியர் 26 பேருக்குச் செய்ய இந்த ஐந்து நிமிட வேலை பெரிய கைத்துணை.

இனி வீட்டுப் பக்கம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த நாட்களில் நானும் காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு எடுத்தேன். 34 பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். மற்ற வீடுகளுக்குப் போன் செய்தால் கிடைத்த பதில், "செல்லை அவங்கப்பா தறிக்குக் கொண்டு போயிட்டாருங்க டீச்சர்." அக்கறை இல்லாத பெற்றோர் என்று நினைத்திருந்த என்னை அந்த ஒரு வரி மாற்றியது. உங்கள் ஊரிலும் விசைத்தறியும் பனியன் கம்பெனியும்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். செல்போன் வீட்டுக்கு வரும் நேரத்தைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நேரலை வகுப்பை விட்டுவிட்டு, இரவு ஏழரைக்கு உங்கள் குரலிலேயே இரண்டு நிமிடக் குரல்பதிவு அனுப்புங்கள். வீடியோவைவிட டேட்டா மிகக் குறைவு. சோறு ஊட்டிக்கொண்டே அம்மிச்சியும் சேர்ந்து கேட்கலாம்.

பதிலுக்குக் குழந்தை ஒரு பத்தியை வாசித்து, குழுவில் போடாமல் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். திக்கித் திணறி வாசித்ததை 25 வீடுகள் கேட்டால் அந்தக் குழந்தை மறுபடி வாய் திறக்காது. முகம் தெரியும் படங்களையும் குழுவில் தவிருங்கள். ஜூன் மாதப் பதிவையும் செப்டம்பர் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு அம்மாவுக்குக் காட்டுங்கள். மதிப்பெண் அட்டை சொல்லாததை அது சொல்லும்.

கூகுளின் ரீட் அலாங் செயலி குழந்தை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும், தமிழிலும் உண்டு. ஆனால் தறிச் சத்தத்துக்கு நடுவே அதற்குக் குரல் சரியாகப் பிடிபடாமல் போகலாம். சரியாக வாசித்த குழந்தைக்கும் தப்பு என்று காட்டினால் மனம் விட்டுவிடும். இறுதித் தீர்ப்பு உங்கள் காதுடையதாக இருக்கட்டும். எழுதுவதற்கு டேப்லெட் வேண்டாம், சிலேட்டும் பென்சிலும்தான்.

வட மாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை இந்தி, ஒடியா, தமிழ் எனப் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கும். முதல் நாள் வீட்டு மொழியில் கேட்டுவிட்டு வந்தால், மறுநாள் தமிழில் அதே படங்களைப் பார்க்கும்போது கதை தெரிந்த பிள்ளையாக உட்காரும்.

நேரக் கணக்கும் முக்கியம். 2020இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) வெளியிட்ட வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட நேரலை வகுப்பு இரண்டுக்கு மேல் கூடாது என்றது. அது எட்டாம் வகுப்புக்கும் சேர்த்துச் சொன்ன உச்ச அளவு. உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுத் திரையில் கால் மணி நேரம் போதும்.

செல்போனே இல்லாத வீடு இரண்டு மூன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளைகளைக் காலை வழிபாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னதாக வரச் சொல்லி, வேப்பமரத்தடியிலோ வராந்தாவிலோ உட்கார வைத்து, உங்கள் செல்போனிலேயே வாசித்துப் பதியுங்கள். மற்றவர்கள் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.