தட்டு உருட்டியா சீனர்கள் பேர் வைக்கிறார்கள்?

கேள்வி: சீனாவில் பிள்ளை பிறந்ததும் ஒரு தட்டை நிலத்தில் உருட்டிவிட்டு, அந்தச் சத்தத்தையே பேராக வைப்பார்களாம். என் வகுப்புப் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். உண்மையா? இன்னொன்று: என் மகனோடு திருகோணமலையில் வேலை செய்யும் சீன எஞ்சினியரின் பேர் வாங் வெய். அவரை எப்படிக் கூப்பிடுவது மரியாதை?
- ஆசிரியை ஒருவர், உப்புவெளி

பதில்: உண்மை இல்லை, டீச்சர். அந்தப் பகிடியைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன், ஒருநாளும் எனக்குப் பிடித்ததில்லை. சீனப் பேரில் வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப் பொருள் உண்டு. அதை யோசித்து யோசித்துத்தான் தெரிவு செய்கிறார்கள்.

பழங்காலச் சீன ஞானி கன்பூசியஸுக்கு மகன் பிறந்தபோது லூ நாட்டுக் கோமகன் கெண்டை மீன் ஒன்றை அனுப்பினார் என்பது பழைய கதை. அந்த மரியாதையை மறக்காமல் பிள்ளைக்குக் கெண்டை என்று பொருள்படும் ‘லீ’ என்றே பேர் வைத்தாராம். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை வளர்ந்து ஆளானதும் இன்னொரு பேரும் கொடுப்பார்கள். கன்பூசியஸின் அந்தப் பேர் ஜோங்னி. அதில் ‘ஜோங்’ என்றால் இரண்டாவது மகன்.

எனக்கு மிகவும் பிடித்தது தலைமுறைப் பாட்டு. பல குடும்பங்களில் முன்னோர் ஒரு செய்யுளை எழுதி வைத்துவிடுவார்கள். ஒரு தலைமுறைக்கு ஒரு எழுத்து. அந்தத் தலைமுறையில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் எல்லோர் பேரிலும் அந்த எழுத்து வரும். மாவோ சேதுங் குடும்பத்தைப் பாருங்கள். மாவோ குடும்பப் பேர், அதனால் முன்னுக்கு வருகிறது. தாத்தா பேரில் ‘என்’, தகப்பன் பேரில் ‘இ’. இவர் சேதுங், தம்பிமார் சேமின், சேதான். தம்பி மகன் யுவான்சின். என், இ, சே, யுவான் என்ற எழுத்துகளை வரிசையாக வாசித்தால், முன்னோரின் அருள் நெடுந்தூரம் தொடரட்டும் என்ற கருத்து வருகிறது. பேரைக் கேட்டதுமே, முன்பின் தெரியாத சொந்தக்காரர்கூட இவன் எனக்குத் தம்பி முறையா, சித்தப்பா முறையா என்று சொல்லிவிடலாம். முறை பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

ஆனால் ஒரு இடத்தில் அவர்கள் நமக்கு நேர் எதிர். திருகோணமலையில் எத்தனை கோணேஸ்வரன், எத்தனை கோணலிங்கம்! கோயில் பேரையும் பாட்டன் பேரையும் பேரனுக்கு வைப்பது நமக்குப் பெருமை. சீன மரபில் பெரியவரின் பேரைப் பிள்ளைக்கு வைப்பது அவமரியாதை. தகப்பன் பேரை வாயால் சொல்லவே தயங்குவார்கள். தாங் அரச வம்சக் காலத்துக் கவிஞர் லீ ஹேயின் தகப்பன் பேர் ஜின்சு. ‘ஜின்ஷி’ என்ற அரச பரீட்சையின் பேர் அதைப்போல ஒலிக்கிறது என்று சிலர் எதிர்த்தார்கள். அறிஞர் ஹான் யூ அவருக்காக வாதாடி எழுதியும் அந்த வழி அவருக்குத் திறக்கவில்லை. அவ்வளவு திறமைசாலிக்கு இப்படி நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் வேகிறது.

நாட்டு நிலவரமும் பேரில் ஏறும். 1949இல் மக்கள் சீனக் குடியரசு உருவான பிறகு பிறந்த பலருக்கு ஜியான்குவோ, அதாவது நாட்டைக் கட்டுதல், என்று பேர்.

சரி, மகனின் விஷயம். வாங் குடும்பப் பேர், வெய் அவருடைய சொந்தப் பேர். தகப்பன் பேரின் முதலெழுத்தை முன்னுக்குப் போடும் நமக்கு இந்த வரிசை புதிதில்லை. ஆனால் நாம் பின்னுக்கு வரும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அங்கே வெறும் வெய் என்று அழைப்பது நெருங்கியவர்கள்தான். வேலையிடத்தில் ‘மிஸ்டர் வாங்’ சரி. சீனர்கள் பதவியைப் பேருக்குப் பின்னால் சேர்ப்பார்கள், நாம் ‘சிவம் மாஸ்டர்’ என்கிற மாதிரி. எஞ்சினியர் என்றால் ‘வாங் கோங்’. மகன் அப்படிக் கூப்பிட்டால் அவர் சந்தோஷப்படுவார். அவருடைய மனைவியைச் சந்தித்தால் ‘மிஸஸ் வாங்’ என்று தொடங்காமல் முதலில் பேரைக் கேட்கச் சொல்லுங்கள். சீனாவில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பேரையே வைத்திருக்கிறார்கள்.