உருளைக்கிழங்குக்கு டோர்ச் அடிக்கும் மகன்

அம்மா, ஹட்டனில் இருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகன் ராத்திரியில் லைட்டை அணைத்துவிட்டு உருளைக்கிழங்குக்கு டோர்ச் அடித்துப் போட்டோ எடுக்கிறான், கேட்டால் இதைத்தான் படிக்கப்போகிறேன் என்கிறான், பேசாமல் கலைப் பிரிவுக்கு மாற்றி, ஆசிரியர் நியமனத்துக்கு வழி பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றவே வேண்டாம். அவன் செய்துகொண்டிருப்பது கணிதம்.

லயத்து வீட்டுச் சுவருக்கு நேராக டோர்ச் அடித்தால் சுவர் மட்டமாகத் தெரியும். அதையே பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், மேடும் பள்ளமும் துல்லியமாக எழுந்து நிற்கும். ஒளியைப் பார்த்த பக்கம் பளிச்சென்றும், திரும்பிய பக்கம் மங்கலாகவும் இருக்கும். எவ்வளவு மங்கும் என்பது சாய்வைப் பொறுத்தது; 1760இல் லம்பேர்ட் என்ற கணிதவியலாளர் இதை விதியாகவே எழுதினார். ஆனால் ஒரே படத்தை வைத்துக்கொண்டு கறுப்பாகத் தெரியும் இடம் சரிவா, ஒட்டியிருக்கும் மண்ணா என்று சொல்ல முடியாது. கமெராவை அசைக்காமல் மூன்று திசையிலிருந்து ஒளி அடித்து மூன்று படம் எடுத்தால் பிடிபட்டுவிடும். மண் மூன்றிலும் கறுப்பாக இருக்கும், சரிவு ஒளிக்குத் தக்கபடி மாறும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஒருங்கமை சமன்பாடுகள். சாய்வுக்கு இரண்டு, நிறத்துக்கு ஒன்று என மூன்று தெரியாக்கணியங்கள். கிடைத்த சாய்வுகளைக் கோத்தால் கிழங்கின் வடிவம் வந்துவிடும். 1980இல் ரொபர்ட் வூடம் என்ற ஆய்வாளர் வகுத்துக் கொடுத்த முறை இது; ஃபோட்டோமெட்ரிக் ஸ்டீரியோ என்று பெயர். இதற்கு வேண்டிய காவிகளும் (அளவோடு திசையும் கொண்ட கணியங்கள்) அவற்றின் எண்ணிப் பெருக்கமும் அவனுடைய இணைந்த கணிதப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

தொழிற்சாலைகளில் கண்ணுக்குத் தப்பும் கீறலைக் கண்டுபிடிக்க இது உதவுகிறது. கடலடியில் கிடைத்த பழைய கிரேக்க இயந்திரம் ஒன்றின் தேய்ந்த எழுத்துகளை 2005இல் படிக்க உதவியதும் இதே குடும்பத்து முறைதான்.

சரி, வேலை? இந்தப் பெயரில் தனியாக ஒரு வேலையைத் தேடினால் கிடைப்பது அரிது. படங்களைக் கணினி புரிந்துகொள்ளச் செய்யும் கணினிப் பார்வை என்ற பெரிய துறைக்குள் இது ஒரு பகுதி. அதற்கான வழி பேராதனையிலோ மொறட்டுவையிலோ பொறியியல், அல்லது கணினி விஞ்ஞானம். செலவை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை மாவட்ட அடிப்படையிலும் பார்ப்பார்கள். உங்கள் நுவரெலியா மாவட்டம், பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டிலும் சேரும். என் பயம் ஆங்கிலத்தைப் பற்றித்தான். அங்கே விரிவுரை முழுக்க ஆங்கிலம். உயர்தரம் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், இப்போதே தினமும் அரை மணி நேரம் வாசிக்க வையுங்கள்.

ஆசிரியர் நியமனம் நல்ல வழிதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நம் தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் கணித ஆசிரியருக்குத்தான் பெரிய பஞ்சம். கணிதத்தில் அவன் நிலைத்து நின்றால் அந்தக் கதவும் மூடாது.

அப்புறம் மகனுக்கு ஒரு விஷயம். மூன்று ஒளியும் ஒரே வரிசையில் இருந்தால் கணக்குத் தீராது, முக்கோணமாக வைக்கச் சொல்லுங்கள். கிழங்கைக் கழுவினால் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் பளபளத்தால் விடை பிழைத்துவிடும். டோர்ச்சை நீங்களே ஒரு தரம் பிடித்துக் கொடுங்கள், அம்மா. ஒவ்வொரு படத்திலும் என்ன மாறுகிறது என்று அவனையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.